இரத்த மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: கொடையாளரை அடையாளம் காண்பதும் பதிவேடு எழுதுவதும்

டெக்னீஷியனாகப் பணியில் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்த இரத்ததான முகாமுக்கு அனுப்பப்பட்டேன். அங்கே அடுத்தடுத்த படுக்கைகளில் இரண்டு கார்த்திக்குகள் படுத்திருந்தார்கள், ஒருவர் எஸ். கார்த்திக், மற்றவர் கே. கார்த்திக் (முன்னெழுத்துகளை மாற்றியிருக்கிறேன்). வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்ததால், இருவருக்குமான மாதிரிக் குழாய்களில் எண் ஸ்டிக்கரை முன்கூட்டியே ஒட்டி ஒரே தட்டில் வைத்திருந்தேன். மறுநாள் குரூப்பிங் (இரத்த வகை கண்டறியும் சோதனை) செய்தபோது, சென்ற ஆண்டு எங்கள் மையத்திலேயே ஓ பாசிட்டிவ் என்று பதிவாகியிருந்த எஸ். கார்த்திக்கின் குழாய் பி பாசிட்டிவ் என்று காட்டியது. இரண்டு பைகளையும் தனியே எடுத்து வைத்து, பையோடு இணைந்திருந்த குழாய்த் துண்டுகளைச் சோதித்த பிறகுதான், மாதிரிக் குழாய்கள் இடம் மாறியது உறுதியானது. இரண்டு யூனிட்களும் அழிக்கப்பட்டன. எழுத்து மூலம் விளக்கம் கொடுத்து, பதிவுகளைச் சரிசெய்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இருவருக்கும் ஒரே குரூப்பாக இருந்திருந்தால் அந்தத் தவறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஒருவரின் இரத்தத்துக்கு இன்னொருவரின் பரிசோதனை முடிவு ஒட்டப்பட்டு, அந்தப் பை ஏதோ ஒரு வார்டுக்குப் போயிருக்கும். நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம் என்பதற்காக, தமிழ்நாட்டில் ஒரு மையத்தில் புதிதாகச் சேரும் டெக்னீஷியன், கவுன்சிலர், முகாமில் பதிவு மேசையில் அமரும் தன்னார்வலர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மையத்தின் செயல்முறைக் கையேடு இதிலிருந்து ஏதாவது ஓரிடத்தில் மாறுபட்டால், கையேட்டின்படியே நடக்க வேண்டும்.

1. முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியவை

செயல்முறைக் கையேட்டின் தற்போதைய பதிப்பு, பதிவேடுகளின் முழுப் பட்டியல், கணினி மென்பொருளில் உங்கள் பெயரிலேயே திறக்கப்பட்ட கணக்கு, மாதிரிக் கையெழுத்துப் பதிவேட்டில் உங்கள் முழுக் கையெழுத்தும் சுருக்கக் கையெழுத்தும் ஆகிய நான்கும் கைக்கு வராமல் வேலையைத் தொடங்காதீர்கள். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு பையின் வரலாற்றைத் தேடும்போது, கட்டத்தின் ஓரத்தில் கிறுக்கப்பட்ட இரண்டு எழுத்து யாருடையது என்று சொல்லக்கூடிய ஆவணம் அது ஒன்றுதான்.

‘கணக்கு வர ஒரு வாரம் ஆகும், அதுவரை என் கடவுச்சொல்லிலேயே போடு’ என்று மூத்தவர்கள் அன்போடு சொல்வார்கள். பணிவாக மறுத்துவிட்டு, அந்த வாரம் காகிதப் பதிவேட்டை மட்டும் எழுதுங்கள். அவர் பெயரில் நீங்கள் செய்த பதிவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் தவறு எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

எந்தப் பதிவேட்டில் எந்தெந்த விவரம் இருக்க வேண்டும் என்பதை 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘எஃப்’ அட்டவணையே வரையறுத்திருக்கிறது. கொடையாளர் பதிவேடு, இரத்தத்துக்கும் அதன் கூறுகளுக்குமான முதன்மைப் பதிவேடு, வழங்கல் பதிவேடு, இரத்தப் பைகளின் இருப்புப் பதிவேடு, பரிசோதனைக் கிட் மற்றும் ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்) பதிவேடு, இரத்தம் ஏற்றியபின் நேர்ந்த பாதகங்களின் பதிவேடு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 2020-இல் விதிகள் திருத்தப்பட்டபோது ‘இரத்த வங்கி’ என்ற பெயர் ‘இரத்த மையம்’ என்று மாறியது. பழைய பெயர் அச்சிட்ட படிவங்கள் அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்தால், அவற்றை எடுத்துப் பயன்படுத்தும் முன் பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

2. வந்திருப்பவர் யார் என்பதைப் பதிவு மேசையிலேயே உறுதிசெய்யுங்கள்

நம் ஊர்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான் உண்டு. அந்த முன்னெழுத்து ஆதாரில் ஒருவிதமாகவும், கல்லூரி அட்டையில் வேறுவிதமாகவும், அவர் வாயில் மூன்றாவது விதமாகவும் வரும். செந்தில்குமார் ஓர் அட்டையில் ஒரே சொல்லாகவும் இன்னொன்றில் இரண்டு சொல்லாகவும் இருப்பார். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள், லட்சுமியும் அப்படியே. ஆகவே பெயரை மட்டும் வைத்துக் கணினியில் தேடி, ‘புதிய கொடையாளர்’ என்று முடிவு செய்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அப்படித் தேடினால் ஒரே மனிதருக்கு மூன்று பதிவு எண்கள் உருவாகும். அவற்றில் ஒன்றில் அவர் நிரந்தரமாக விலக்கப்பட்டவர் என்ற குறிப்பு இருந்தாலும், நீங்கள் திறந்த நான்காவது பதிவில் அது தெரியாது.

நான் பின்பற்றும் வரிசை இது: முதலில் கைபேசி எண்ணைக் கொண்டு தேடுவேன், அடுத்து பிறந்த தேதி, அதன்பின் தந்தை அல்லது கணவர் பெயர், கடைசியாகத்தான் கொடையாளரின் பெயர். ஒரே கைபேசி எண்ணைக் குடும்பத்தில் மூன்று பேர் கொடுப்பதுண்டு என்பதால், எண் பொருந்தினாலும் பிறந்த தேதி பொருந்தாமல் அந்தப் பதிவை எடுத்துக்கொள்வதில்லை. பெயரை, காட்டிய புகைப்பட அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதி, எந்த அட்டை என்பதையும் குறிப்பேன். ஆதார் நகலை வாங்கிக் கோப்பில் குத்திவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கையேடு கேட்காதபோது அதைச் செய்யாதீர்கள். தேவையற்ற நகல் உங்கள் பொறுப்பில் தங்கிவிடும் இன்னொருவரின் அந்தரங்கம்.

வயதைக் கேட்டு எழுதாமல், பிறந்த தேதியைப் பார்த்துக் கணக்கிடுங்கள். 18 நிறைந்தவரிடமிருந்துதான் இரத்தம் எடுக்கலாம். கல்லூரி முகாம்களில் முதலாண்டு மாணவர்கள் பலருக்கு 18 நிறைய இரண்டு மூன்று மாதம் இருக்கும். நண்பர்களோடு ஆர்வமாக வந்துவிடுவார்கள், ‘பதினெட்டு’ என்றும் சொல்லிவிடுவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது சங்கடமான வேலைதான். ‘உங்கள் பிறந்தநாளுக்கு மறுநாள் மையத்துக்கு நேரே வாருங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், அந்தச் சங்கடம் பெரும்பாலும் குறைந்துவிடும். மேல் வரம்பு 65. முதல் முறை கொடுப்பவருக்கு 60.

கடைசியாகக் கொடுத்த தேதியையும் ‘மூணு மாசம் ஆச்சு’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். மார்ச் 5-ஆம் தேதி கொடுத்தவருக்கு 90 நாள் நிறைவது ஜூன் 3-ஆம் தேதி. அதே தேதியில் கொடுத்த பெண்ணுக்கு ஜூலை 3-ஆம் தேதி. வேறு மையத்தில் கொடுத்திருந்தால் கொடையாளர் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

3. கேள்விப் படிவமும் ஒப்புதலும்

படிவத்தைக் கொடையாளரே படித்து, அவரே நிரப்ப வேண்டும். படிக்க இயலாதவருக்கு நீங்கள் படித்துக்காட்டி நிரப்பினால், அவ்வாறு செய்ததை ஓரத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். முகாமில் நேரம் மிச்சமாகட்டும் என்று ‘இல்லை’ கட்டங்களை எல்லாம் ஒரே கோடாக இழுத்துவிட்டு, கையெழுத்தை மட்டும் கொடையாளரிடம் வாங்கும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படிவம் எந்த இடத்திலும் நிற்காது. பத்து மாதத்துக்கு முன் பச்சை குத்திக்கொண்டதை அவர் மறைக்கவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை. பச்சை குத்தியவர் 12 மாதமும், மலேரியாவிலிருந்து குணமானவர் 3 மாதமும் காத்திருக்க வேண்டும். கேள்வியைக் கேட்டால்தான் அது பதிவேட்டுக்கு வரும்.

தனிப்பட்ட கேள்விகளை நண்பர்கள் சூழ்ந்து நிற்கும்போது கேட்காதீர்கள். ஒரு திரையோ, இரண்டு நாற்காலி தள்ளி ஓர் இடமோ இருந்தால் போதும்.

அடுத்து எடை, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, ஹீமோகுளோபின். 350 மி.லி. எடுக்க 45 கிலோவும், 450 மி.லி. எடுக்க 55 கிலோவுக்கு மேலும் எடை வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய பதிவேடுகளைப் புரட்டினால், சில முகாம்களில் ஐம்பது பேருக்கும் வரிசையாக 120/80 என்றும், ஹீமோகுளோபின் 13 என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். ஒரு கல்லூரியே ஒரே இரத்த அழுத்தத்தோடு வாழ்வதில்லை. ஆய்வுக்கு வரும் மருந்து ஆய்வாளர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கட்டம்தான். 12.2 வந்தால் 12.2 என்றே எழுதி, கொடையாளரைத் திருப்பி அனுப்பி, அதையும் பதிவு செய்யுங்கள்.

திருப்பி அனுப்பியவரின் பதிவு, இரத்தம் கொடுத்தவரின் பதிவைப் போலவே அவசியமானது. பெயர், பிறந்த தேதி, கைபேசி எண், காரணம், தற்காலிகமா நிரந்தரமா, தற்காலிகம் என்றால் மீண்டும் எந்தத் தேதிக்குப் பின் வரலாம் என்பதுவரை எழுதவேண்டும். ‘பொருந்தவில்லை’ என்ற ஒற்றைச் சொல் பதிவு, அடுத்த முகாமில் அவரைப் பார்க்கும் வேறொரு டெக்னீஷியனுக்கு எதையும் சொல்லாது.

4. ஓர் எண், ஒரே எண்

தேர்வான கொடையாளருக்கு அன்றைய கொடைக்கான தனி எண் தரப்படும். கொடையாளர் பதிவு எண் ஆளுக்குரியது, ஆண்டுகள் கடந்தும் மாறாதது. கொடை எண் அந்த ஒரு பைக்குரியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஸ்டிக்கர் தாளில் ஒரே எண் எட்டு அல்லது பத்து முறை அச்சாகியிருக்கும். மூன்று பை கொண்ட தொகுதியாக இருந்தால் முதன்மைப் பைக்கு ஒன்று, துணைப் பைகளுக்கு ஒவ்வொன்று, மாதிரிக் குழாய்களுக்கு இரண்டு அல்லது மூன்று, படிவத்துக்கு ஒன்று, பதிவேட்டுக்கு ஒன்று எனப் போகும். மீதமாகும் ஸ்டிக்கர்கள்தான் ஆபத்து. அவற்றை மேசை ஓரத்திலோ மேலங்கிப் பையிலோ ஒட்டிவைத்தால், அடுத்த கொடையாளரின் குழாயில் அவை போய்ச் சேரும் நாள் ஒன்று வரும். மீதத்தைப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒட்டிக் குறுக்கே கோடு போடுங்கள். அல்லது அங்கேயே கிழித்துப் போடுங்கள்.

எண்களைக் கையால் எழுதும் சிறிய மையங்களில் ஒன்றும் ஏழும், பூஜ்யமும் ஆறும் குழப்பும். ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளில் பதிவு நடந்தால், இரு மேசைக்கும் தனித்தனி எண் வரிசையை முன்னதாகவே பிரித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே எண் இருவருக்குப் போகும்.

5. படுக்கையருகில்

இந்தப் படியைத்தான் நான் தவறவிட்டேன், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஊசி போடும் முன் கொடையாளரிடம், ‘நீங்கள் கார்த்திக்தானே?’ என்று கேட்காதீர்கள். படபடப்பில் இருப்பவர், அரைகுறையாகக் காதில் விழுந்தவர், வேறு கார்த்திக் எல்லாருமே ‘ஆமாம்’ என்றுதான் தலையாட்டுவார்கள். ‘உங்கள் முழுப் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?’ என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்லப் படிவத்தில் விரல் வைத்துச் சரிபாருங்கள். அதன் பிறகுதான், அவர் கண்முன்னே, பைக்கும் குழாய்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் படிவம், பை, குழாய்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து எண்ணை உரக்க வாசியுங்கள். எனக்கு முதலில் இது பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல வெட்கமாக இருந்தது. இப்போது பக்கத்தில் யாராவது வாசிக்காமல் ஊசியை எடுத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

ஒரு கொடையாளருக்கு ஒரு தட்டு என்பதை வழக்கமாக்குங்கள். முதலாமவரின் குழாய்கள் அந்தத் தட்டை விட்டுப் போகும்வரை அடுத்தவரின் பொருள் எதுவும் அதில் ஏறக்கூடாது. மாதிரிக் குழாய்களை அதே ஊசித் துளையிலிருந்து, அதே இருப்பில் நிரப்ப வேண்டும். ‘பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்பது கிடையாது.

பையிலிருந்து ஊசிக்குச் செல்லும் குழாயில், உற்பத்தியாளர் அச்சிட்ட ஓர் எண் துண்டுக்குத் துண்டு திரும்பத் திரும்ப வரும். அதைப் படிவத்தில் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் பலரும் விட்டுவிடும் கட்டம் அது. ஸ்டிக்கர் உரிந்தாலும், மாறினாலும், அந்த அச்செண் பையோடு பிறந்தது என்பதால் மாறாது. இரண்டு கார்த்திக்குகளின் விவகாரத்தில் எந்தப் பை யாருடையது என்று எங்களால் சொல்ல முடிந்ததற்கு, என்னோடு வந்திருந்த மூத்த செவிலியர் ஒருவர் அந்தக் கட்டத்தை விடாமல் நிரப்பியிருந்ததே காரணம்.

தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எடுத்த அளவு, ஊசி போட்டவரின் சுருக்கக் கையெழுத்து ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். 350 மி.லி. இரத்தத்தின் எடை மட்டும் ஏறத்தாழ 368 கிராம்; அதோடு உறைதடுப்புக் கரைசல், வெறும் பை ஆகியவற்றின் எடையைச் சேர்த்துத் தராசைப் பாருங்கள். நேரத்தை எழுதாமல் விடுவதால் வரும் இழப்பு உடனடியானது: தட்டணு (பிளேட்லெட்) பிரிப்பதானால் இரத்தம் எடுத்த 6 மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். எடுத்த நேரம் தெரியாத பையிலிருந்து தட்டணு பிரிக்க யாரும் துணியமாட்டார்கள். டெங்கு பரவும் மாதங்களில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத் தட்டணுவுக்காக வாசலில் நிற்கும் உறவினரைக் கேட்டால் தெரியும்.

6. முகாமை விட்டுக் கிளம்பும் முன்

பதிவானவர்கள் 84 என்றால், நிரம்பிய பைகள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள், பாதியில் நின்றுபோனவை, பதிவு செய்துவிட்டுச் சொல்லாமல் போனவர்கள் ஆகிய நான்கின் கூட்டல் 84 ஆக வேண்டும். ஒன்று குறைந்தாலும் வண்டி கிளம்பக் கூடாது. கொண்டுவந்த வெற்றுப் பைகளின் எண்ணிக்கையும் இப்படியே பொருந்த வேண்டும். கல்லூரியிலேயே தேடினால் பத்து நிமிடத்தில் கிடைக்கும் ஒரு படிவத்தை, மையத்துக்குத் திரும்பிய பிறகு தேடினால் மறுநாள் வரை ஆகும்.

இணைய வசதி இல்லாத ஊர்களில் காகிதத்தில் எழுதிவிட்டு, பின்னர் கணினியில் ஏற்றுவீர்கள். அன்றிரவே ஏற்றி முடியுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பதிவிட வேண்டும். மத்திய அரசின் ‘இ-ரக்த்கோஷ்’ இணையதளத்தில் இரத்த இருப்பைக் காட்டும் மையங்களில், பரிசோதனை முடியாத பைகள் வழங்கத் தகுந்த இருப்பாகத் தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

7. குரூப்பிங், பரிசோதனை, லேபிள்

கொடையாளர் ‘நான் ஏ பாசிட்டிவ்’ என்று சொன்னதைப் படிவத்தின் குரூப் கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். அவர் சொன்னது தகவல் மட்டுமே. சிவப்பணுவைக் கொண்டும் சீரத்தை (அணுக்கள் நீங்கிய இரத்த நீர்) கொண்டும் இரு வழியிலும் செய்த குரூப்பிங் ஒத்துப்போன பிறகு, ஏற்கெனவே கொடுத்தவராக இருந்தால் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். பழையதும் புதியதும் முரண்பட்டால், ‘போன தடவை தவறாக எழுதியிருப்பார்கள்’ என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதாமல், பையைத் தனியே வைத்துவிட்டு மருத்துவ அலுவலரைக் கூப்பிடுங்கள். ஆள் மாறியதும் குழாய் மாறியதும் பெரும்பாலும் வெளிப்படுவது இந்த ஒப்பீட்டில்தான்.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்து பரிசோதனைகளும் முடிந்து, முடிவுகள் முதன்மைப் பதிவேட்டில் ஏறும்வரை பை பரிசோதனைக்கு முந்தைய குளிர்ப்பெட்டியிலேயே இருக்க வேண்டும். கிட்டின் தொகுதி எண்ணையும் காலாவதி தேதியையும் முடிவோடு சேர்த்து எழுதுங்கள். கருவி அச்சிட்டுத் தரும் தாளைப் பார்த்துக் கையால் நகலெடுக்கும்போது வரி தாவுவது சாதாரணமாக நடக்கும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

லேபிள் நிறங்களை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்: ஓ நீலம், ஏ மஞ்சள், பி இளஞ்சிவப்பு, ஏபி வெள்ளை. லேபிளில் மையத்தின் பெயர், முகவரி, உரிம எண், கொடை எண், எடுத்த தேதி, காலாவதி தேதி, தன்னார்வக் கொடையா மாற்றுக் கொடையா (நோயாளிக்காக உறவினரோ நண்பரோ கொடுத்தது) என்பதும் இருக்க வேண்டும். சி.பி.டி.ஏ. என்ற உறைதடுப்புக் கரைசலில் எடுத்த முழு இரத்தத்துக்கு ஆயுள் 35 நாள். எடுத்த நாளைப் பூஜ்யமாகக் கொண்டால் ஜனவரி 10-இல் எடுத்த பை பிப்ரவரி 14-இல் காலாவதியாகும். கூடுதல் கரைசல் சேர்த்த சிவப்பணுவுக்கு 42 நாள், தட்டணுவுக்கு 5 நாள், உறைய வைத்த பிளாஸ்மாவுக்கு ஓராண்டு.

பரிசோதனையில் ஏதேனும் தொற்று தென்பட்டால், அந்த வேலை கவுன்சிலருடையது. தொலைபேசியில் நோயின் பெயரைச் சொல்லாமல், நேரில் வருமாறு மட்டும் அழைக்க வேண்டும்; எடுத்தவர் தாயாரோ மனைவியோ ஆனால் அதையும் விரிவாகப் பேசக் கூடாது. அழைத்த தேதி, நேரம், கிடைத்த பதில், வந்தவரை எந்த நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) அனுப்பினீர்கள் என்பது தனிப் பதிவேட்டில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். முகாம் நடத்திய சங்கத் தலைவர் ‘எங்கள் பையன்கள் யாருக்காவது ஏதாவது இருந்ததா?’ என்று உரிமையோடு கேட்பார். எண்ணிக்கையைக்கூடச் சொல்லாதீர்கள், சிறிய சங்கத்தில் எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

8. பை வெளியே போகும்போது

கொடையாளர் பக்கம் எடுத்த அத்தனை கவனமும் நோயாளி பக்கத்திலும் வேண்டும். கோரிக்கைப் படிவத்திலும் மாதிரிக் குழாயிலும் பெயர், வயது, உள்நோயாளி எண், வார்டு ஆகியவை ஒத்துப்போகாவிட்டால், முன்னெழுத்து ஒன்று மட்டும் வேறாக இருந்தாலும், புதிய மாதிரி கேளுங்கள். உறவினர் கையில் பேனாவைக் கொடுத்துத் திருத்தச் சொல்வது மன்னிக்க முடியாத தவறு. பிரசவ வார்டில் தாயின் மாதிரியும் ‘லட்சுமியின் குழந்தை’ என்று வரும் மாதிரியும் மாறுவதுண்டு. இரட்டைக் குழந்தைகள் என்றால் இன்னும் கவனம்.

வழங்கல் பதிவேட்டில் தேதி, நேரம், பை எண், குரூப், அளவு, நோயாளியின் விவரம், கிராஸ் மேட்ச் (கொடையாளர் இரத்தம் நோயாளியின் இரத்தத்தோடு பொருந்துகிறதா என்ற சோதனை) முடிவு, எதற்காக ஏற்றப்படுகிறது என்பது வரை நிரப்பி, பையோடு கிராஸ் மேட்ச் அறிக்கையையும் கொடுக்க வேண்டும். கொடையாளரின் மாதிரியும் நோயாளியின் மாதிரியும் வழங்கிய பின் 7 நாள் பாதுகாக்கப்பட வேண்டும். தேதி போடாத தாங்கியில் வைத்தால் ஏழாம் நாள் எது என்று யாருக்கும் தெரியாது.

கட்டணம் பற்றிக் கேள்வி வந்தால் தெளிவாகச் சொல்லுங்கள். இரத்தத்துக்கு விலை கிடையாது. பரிசோதனை, பதப்படுத்துதல் ஆகியவற்றின் செலவை மட்டுமே வாங்கலாம். தேசிய குருதி பரிமாற்றுக் குழுமம் 2022-இல் திருத்தியபடி, ஒரு யூனிட் முழு இரத்தத்துக்கோ சிவப்பணுவுக்கோ அரசு மையங்களில் 1,100 ரூபாயும் தனியார் மையங்களில் 1,550 ரூபாயும் உச்சவரம்பு. கூடுதல் பரிசோதனை செய்திருந்தால் ரசீதில் அது தனி வரியாக வரவேண்டும். ரசீது எண்ணை வழங்கல் பதிவேட்டில் எழுதிவைத்தால், பிறகு வரும் வாக்குவாதங்களில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

9. தவறாக எழுதிவிட்டால்

தவறு கட்டாயம் வரும். ஒற்றைக் கோடு போட்டு, அடியில் உள்ளது படிக்கத் தெரியும்படி விட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தேதியும் சுருக்கக் கையெழுத்தும் இடுங்கள். வெள்ளை மை, பிளேடு, பக்கத்தைக் கிழிப்பது மூன்றும் கூடாது. ‘மேற்படி’ குறிகளைப் பயன்படுத்தாதீர்கள். விட்டுப்போன பதிவை மறுநாள் எழுத நேர்ந்தால் மறுநாள் தேதியையே போட்டு, ‘தாமதப் பதிவு’ என்று குறிப்பிடுங்கள். நேற்றைய தேதியில் இன்று எழுதுவது திருத்தம் ஆகாது, பொய் ஆவணம் ஆகும்.

மாதம் ஒரு முறை, ஏதாவது ஒரு கொடை எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அந்தப் பையின் கொடையாளர் படிவத்தையும், அது போய்ச் சேர்ந்த எல்லா நோயாளிகளின் வழங்கல் வரியையும் தேடிப் பாருங்கள். ஒரே பையிலிருந்து பிரித்த சிவப்பணுவும் பிளாஸ்மாவும் தட்டணுவும் மூன்று மருத்துவமனைகளுக்குப் போயிருக்கலாம். எனக்கு முதல் முறை ஒன்றரை மணி நேரம் ஆனது. இரத்தம் கொடுத்த மூன்றாம் நாள் கொடையாளர் ஒருவர் காய்ச்சல் என்று தொலைபேசியில் சொன்னால், அவருடைய பை எங்கே போனது என்று தேட அத்தனை நேரம் உங்களுக்குக் கிடைக்காது.

10. எத்தனை காலம் வைத்திருப்பது, எப்படி அழிப்பது

சட்டப்படி இந்தப் பதிவுகளை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நிரந்தரமாக விலக்கப்பட்டவர்களின் பட்டியலை நான் அதற்குப் பிறகும் வைத்திருக்கவே சொல்வேன். அந்த மனிதர் ஆறாவது ஆண்டும் வரலாம். கோப்புகளை ஆண்டு, மாதம், கொடை எண் வரிசை என்று கட்டி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை போட்டு அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைத்தளக் கிடங்கில் நீர் புகுவதும், கறையான் ஏறுவதும் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததே. கணினித் தரவை நாள்தோறும் வேறிடத்தில் நகலெடுத்துவைத்து, அந்த நகல் திறக்கிறதா என்பதையும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

காலம் முடிந்தவற்றை எடைக்குப் போடாதீர்கள். ஒரு முறை, எங்கள் பக்கத்துத் தெருப் பழைய பேப்பர் கடையில் ஏதோ ஒரு மருத்துவமனையின் நோயாளிப் படிவங்கள் கட்டாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். பெயர், முகவரி, வியாதி எல்லாம் தெளிவாக இருந்தன. மருத்துவ அலுவலரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் பெற்று, உங்கள் கண்முன்னே துண்டு துண்டாக வெட்டவைத்து, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எந்தத் தேதியில் அழிக்கப்பட்டது என்பதை அழிப்புப் பதிவேட்டில் எழுதி, இருவர் கையெழுத்திட வேண்டும்.